வாயை அசைத்தால் போதும்

பேசிப் பிழைக்கிறவன் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அதுவும் தங்கையைப் பெண் பார்க்க வந்திருக்கிற நாளில். பிரேம்குமார் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். கூடத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, யார் என்ன கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டுவது.

காலையில் தெருக்குழாயடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரனோடு கிரிக்கெட் பேசினவன்தான். மணவூரிலிருந்து வந்த கார் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் தெருவுக்குள் திரும்புகிறவரை அவன் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. வாசலில் நின்று வாங்க வாங்க என்று சொல்லத்தான் போனான். முதலில் மாப்பிள்ளையின் அப்பா சேட்டு இறங்கினார். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பிறகு அவர் மனைவி வரலட்சுமி. கடைசியாக இறங்கிய அசோக்குமார் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, இடது புருவத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டான். பிரேம்குமாருக்கு வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தப் புருவம் அவனுக்குத் தெரிந்த புருவம்.

தரகர் பங்காரு செல்போனில் அனுப்பிய போட்டோவில் பையன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அதை ரயில் கூட்டத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே பார்த்து, நன்றாக இருக்கிறார் என்று தங்கை மோனிகாவுக்குப் பதில் போட்டிருந்தான் பிரேம்குமார். அசோக் என்ற பேரில் அவன் கம்பெனிக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். யார் என்று அவன் கண்டான்?

கம்பெனி இருப்பது கிண்டியில். பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் திரிகிற பிள்ளைகளுக்கு ஐடி பயிற்சி கொடுத்து, பெரிய கம்பெனிகளில் சேர்த்துவிடுகிற கன்சல்டன்சி. பிரேம்குமாரும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அங்கே பயிற்சிக்குப் போனவன்தான். அவனுக்கு வேலை அமையவில்லை. ஆனால் வாய் நன்றாக இருக்கிறது, இங்கேயே பாடம் எடு என்று மேனேஜர் ஸ்ரீதர் நிறுத்திக்கொண்டார். விடிந்ததும் திருத்தணியில் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. கழனி வேலைக்குப் போகிற அவன் அப்பா முனியன் டீக்கடையில் உட்கார்ந்து, தன் பையன் ஐடிக்காரர்களுக்கே வாத்தியார் என்று சொல்லிக்கொள்வார். கேட்கிறவர்கள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. காலையில் அவன் வாத்தியார். மத்தியானத்துக்கு மேல் கோடியில் இருக்கிற சின்ன அறைக்குப் போய்விடுவான். அங்கே அவனுக்கு வேறு பேர், அரவிந்த் சார். எங்கேயோ ஒரு பையன் தன் வீட்டில் காமிரா முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேலை கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் இந்தச் சின்ன அறையிலிருந்து பிரேம்குமாரின் குரலில் போகும். இவர்கள் அவன் வகுப்பில் படிக்கிறவர்கள் இல்லை; அவன் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். தொடங்குமுன் தமிழில் தைரியம் சொல்வான். "பயப்படாத. மூச்ச நல்லா இழுத்து வுடு. நான் பேசும்போது சிரிக்காத. வாய அசைச்சா போதும்."

முதல் தடவை கை வியர்த்தது. இதில் என்ன தப்பு, ஒரு குடும்பம் முன்னுக்கு வருகிறதே என்றார் ஸ்ரீதர். அப்புறம் பழகிவிட்டது. அதைவிடக் கேவலம், பிடித்தும் போயிற்று. கேள்வி கேட்கிறவர் மிக நன்றாகச் சொன்னீர்கள் என்று பாராட்டும்போது, அந்தப் பாராட்டு திரையில் இருக்கிற பையனுக்குப் போனாலும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது பிரேம்குமார்தான். அசோக்குமாரும் அப்படிப்பட்ட ஒரு பையன். பாவம், வாயசைக்கக்கூட ஒழுங்காக வரவில்லை. பேட்டி முடிகிறவரை புருவத்தை நீவிக்கொண்டே இருந்தான்.

அந்தப் பையன்தான் இப்போது எதிரே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடலைக்காய் பிடுங்குகிற காலம் என்பதால் அம்மா ரஞ்சிதம் பஜ்ஜியோடு ஒரு தட்டு வேகவைத்த கடலைக்காயும் வைத்திருந்தாள். சேட்டு அதை உரித்துக்கொண்டே, ரெண்டு பேரும் ஒரே தொழில், கொஞ்சம் பேசிக்கொள்ளுங்களேன் என்றார். பிரேம்குமார் தொண்டையைத் தொட்டான். ஒரு வார்த்தை பேசினால் போதும், பையன் கண்டுபிடித்துவிடுவான். ரஞ்சிதம் அடுப்படிக்கு ஓடி மிளகுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். சித்திரை வெயிலில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிற கூடத்தில், இல்லாத நோவுக்கு அந்தப் பாலை அத்தனை பேர் முன்னால் குடித்து முடித்தான். குடிக்கக் குடிக்க உடம்பு கூசியது.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தான் பிரேம்குமார். அசோக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசினான். மோனிகா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. மலைமேல் பூ கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று முனியன் அவர்களை அனுப்பிவைத்தார்.

மோனிகா கம்ப்யூட்டர் பட்டம் படித்தவள். அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிற வேலை. போன வருஷம் ஒரு ஐடி கம்பெனிப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனைச் சொல்லித்தரச் சொல்லி ஞாயிறுதோறும் கேட்டாள். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அவன் தூங்கிவிட்டான். பேட்டியன்று அவள், சுவரில் பூச்சு பெயர்ந்த இடம் காமிராவில் தெரியாமலிருக்க அம்மாவின் நல்ல சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள். வேலை கிடைக்கவில்லை.

மறுநாள் அவன் கிண்டிக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்ற பொய்யை ஆபீசுக்கும் ஒரு தடவை சொன்னான். அம்மா போயிருந்த கழனிக்குப் போனான். பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளை மலையாகக் குவித்து, பனையோலைத் தடுக்கு நிழலில் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செடியைக் கூடையின் விளிம்பில் அடித்தால் மண் உதிரும், பிறகு காயைக் கொத்தாகப் பறிக்க வேண்டும். ரஞ்சிதத்தின் விரல்கள் கண் பார்க்காமலே அந்த வேலையைச் செய்தன. அவனும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தான்.

"தொண்ட எப்பிடிகீது?" என்றாள்.

"பரவால்லமா." கொஞ்ச நேரம் மண்ணை உதிர்த்தான். "அம்மா, ஐடி வேலையெல்லாம் நெலையில்லம்மா. இன்னிக்கி இருக்கும், நாளைக்கி அனுப்பிடுவாங்க. மோனிக்கு வேற எடம் பாக்கலாமே."

"நீயும் அந்த வேலதானே பாத்துகினு கீற? உன்ன அனுப்பிட்டாங்களா?"

"நான் வேற."

"இன்னா வேற? நல்ல புள்ளையா தெரியறான். குனிஞ்ச தல நிமிரல. அப்பன் ஆத்தாளுக்கு அவன் சம்பாத்தியம்தான். நீ படிச்சவன், அந்தப் பையனாண்ட எதுனா கொற தெரிஞ்சா வாய் தொறந்து சொல்லு. நாங்க இன்னாத்த கண்டோம்?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பையன் வேலை வாங்கினது பொய்ப் பேட்டியில் என்று சொல்லலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாளே. பக்கத்தில் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள், ரஞ்சிதத்தின் மகன் வந்து மண்ணில் உட்கார்ந்திருக்கிறானே என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் யாருக்காவது வேலை வாங்கித் தரச் சொல்லி எப்போதும் கேட்கிறவர்கள். கொற ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தான். தங்கை அந்தப் பையனைக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க மச்சான் முன்னால் ஊமையாக இருக்க முடியுமா? அதுதான் அவன் பயம். தங்கையின் நன்மைக்குத்தான் யோசிக்கிறேன் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது இரண்டாம்பட்சம். அது அவனுக்கே தெரிந்திருந்தது.

பூ கேட்பது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு பக்கமும் பிடித்திருந்தாலும் திருத்தணி மலையில் பூ கேட்காமல் வாக்குக் கொடுக்கமாட்டார்கள். வாழையிலையில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. பெண்ணோடு பிறந்தவன் தனியாகப் போய்க் கட்டிக்கொண்டு வரவேண்டும். சாமியைக் கும்பிட்டுப் பெற்றவள் ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கீழே சரவணப்பொய்கைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை நாலு பேரும் படியேறினார்கள். ரஞ்சிதம் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே குனிந்து குனிந்து ஏறினாள். மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டு செய்கிற வேலை. முனியன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மேலே போய்ச் சேரும்போது கல் காலைச் சுட ஆரம்பித்திருந்தது.

சன்னதிக்குப் போகுமுன் பிரேம்குமார் மல்லியும் அரளியும் வாங்கிக்கொண்டு மதில் ஓரமாக ஒதுங்கினான். வாழையிலையைக் கிழித்தான். ஒன்றில் சிவப்பு அரளியை வைத்து நாரால் கட்டினான். இரண்டாவது இலையை விரித்தபோது கை நின்றது. மலையில் இப்படிச் செய்யலாமா என்று பயம் வந்தது. ஆனால் வேறு எப்படி? யாரும் வாயைத் திறக்காமல், யார் மேலும் பழி வராமல், சம்பந்தம் நின்றுபோய்விடும். இரண்டாவது இலையிலும் அரளியையே வைத்தான். மல்லியைக் கைக்குட்டையில் சுருட்டிப் பேன்ட் பையில் திணித்தான்.

கும்பிட்டு வந்து பிரகாரத்தில் உட்கார்ந்து ரஞ்சிதம் பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பைப் பார்த்ததும் அவள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். அவள் அழவில்லை. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதையோ புரிந்துகொண்டவள்போல் தலையை ஆட்டினாள்.

"மேல கீறவருக்கு எம்மேல கோவம்," என்றாள். "பிரேமுக்கு வேல கெடைச்சா முடி எறக்கறேன்னு அப்பவே வேண்டிகினேன். கெடைச்சிது. நடவு, களை, கடலன்னு நாளத் தள்ளிகினே வந்துட்டேன். நல்லது குடுத்தவரு பாத்துகினு சும்மா இருப்பாரா? அதான் பொண்ணு விசயத்துல கைய வெச்சிட்டாரு."

"அடுத்த கிருத்திகைக்குப் பாத்துக்கலாமே," என்றார் முனியன். கறுப்பு மாறாத, முழங்கைவரை வருகிற முடி அவளுக்கு. அதைப் பற்றி அவர் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

"இன்னிக்கே எறக்கிடறேன். எறக்கிட்டு வந்து மறுபடி பூ கேப்போம்." மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னாப்பா சொல்ற?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. யார் யாருக்கோ எவ்வளவோ பேசின வாய். அது அசைந்தது, சத்தம் வரவில்லை. சரி என்றுதான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு ரஞ்சிதம் கொண்டையை அவிழ்த்தபடியே முடி எடுக்கிற மண்டபத்துக்கு நடந்தாள். முனியன் பின்னால் போனார்.

அண்ணனும் தங்கையும் மண்டபத்துக்கு வெளியே ஒரு தூணின் நிழலில் நின்றார்கள். பிரிக்காத பொட்டலம் மோனிகாவின் கையில் இருந்தது. பிரேம்குமாருக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. பழக்கத்தில் கைக்குட்டையை உருவினான். மல்லி பொலபொலவென்று தரையில் கொட்டியது.

மோனிகா குனிந்து ஒரு பூவை எடுத்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு, பிரிக்கக் கூடாத பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தாள். உள்ளே சிவப்பு.

"ஏன்?" என்றாள்.

"அந்தப் பையன் வாணாம் மோனி. அவன் நேர்மையா வேல வாங்கினவன் இல்ல. இன்டர்வியூல அவனுக்கு பதிலா வேற ஒருத்தன் பேசினான். இவன் சும்மா வாய அசைச்சான்."

"தெரியும்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"வேப்பமரத்தாண்ட அவரே சொன்னாரு. யாரோ அரவிந்த் சாராம், மூஞ்சியக்கூட பாத்ததில்லயாம். வேலையில சேந்து ஒண்ணும் புரியாம முழிச்சாராம், அழுவாச்சியா வந்துதாம். இப்பதான் கொஞ்சங்கொஞ்சமா கத்துகினு வராராம். 'இத மறைச்சி உங்கள கட்டிக்க எனக்கு மனசு வரல. புடிக்கலன்னா வாணாம்னு சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்'னாரு. யோசிச்சிச் சொல்றேன்னேன். யோசிச்சிகினுதான் இருந்தேன்." நிறுத்தினாள். "அது சரி, உனக்கு எப்பிடித் தெரியும்?"

எந்தக் கேள்விக்குப் பயந்து மிளகுப் பால் குடித்தானோ, எந்தக் கேள்விக்குப் பயந்து சாமி முன்னால் பொய்யைக் கட்டி வைத்தானோ, அந்தக் கேள்வி வந்துவிட்டது. முன்பின் தெரியாதவளிடம் அந்தப் பையன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டுப் போனதை, கூடப்பிறந்தவளிடம் இவன் இத்தனை காலம் மறைத்திருந்தான்.

"அந்த அரவிந்த் நான்தான்," என்றான்.

படியேறி வந்த கூட்டம் ஒன்று அரோகரா சொல்லிக்கொண்டு கடந்துபோனது. அது போனதும் மோனிகா கேட்டாள்.

"போன வருசம் அம்மா சேலைய கட்டிவுட்டு நான் உக்காந்தேனே. அன்னிக்கி நீ யாருக்குனா பேசினியா?"

"தெரியல."

"தெரியலயா?"

"ஞாபகம் இல்ல மோனி." அது பொய்யில்லை. உண்மையிலேயே அவனுக்கு ஞாபகம் இல்லை. சொல்லி முடித்த பிறகு நின்ற இடத்திலேயே அவன் கூனிக் குறுகிப்போனான்.

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "அவருக்கு பதிலா நீ பேசின. சாமிக்கு பதிலா நீ பேசின. இப்போ எனக்கு பதிலாவும் நீயே பேசிட்ட. எனக்குன்னு ஒரு பதில் கீதான்னு ஒருத்தரும் கேக்கல."

செல்போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, அண்ணனிடம் நீட்டினாள். "சாமி வாணாம்னு சொல்லிடுச்சின்னு நீயே சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

அந்தப் பக்கம் மணி அடித்தது. வைத்துவிட்டு ஓடலாம் போலிருந்தது. மண்டபத்துக்குள்ளிருந்து கத்தி இழுபடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க மோனிகா," என்றது அசோக்குமாரின் குரல்.

"அலோ," என்றான் பிரேம்குமார்.

அந்தப் பக்கத்திலிருந்து, நம்பமுடியாமல், பயந்தாற்போல: "அரவிந்த் சாரா?"

பேட்டிக்கு முன்னால் எத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், பயப்படாதே என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"இல்ல," என்றான். "என் பேரு பிரேம்குமார். கே.ஜி.கண்டிக முனியன் புள்ள. மோனிகாவோட அண்ணன். அன்னிக்கித் தொண்ட கட்டிகினு எதுத்தாப்புல உக்காந்துகினு இருந்தேனே, நான்தான்." மோனிகாவைப் பார்த்தான். "உன்னப் பத்தி நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீயே எல்லாத்தையும் சொல்லிட்ட. இனிமே அவ சொல்வா." போனைத் தங்கையிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கி, பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் ரஞ்சிதம் வெளியே வந்தாள். குளித்த ஈரச் சேலை, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். முகம் சின்னதாகிவிட்டிருந்தது, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. பின்னால் வந்த முனியன் மனைவியைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வந்தார். அவள் மட்டும் பெரிய பாரம் இறங்கினவள்போல் சிரித்தாள். வரும் வழியிலேயே புதிதாகப் பூ வாங்கிவிட்டிருந்தாள். மல்லியும் அரளியும் இருந்த பையை மகனின் கையில் வைத்தாள்.

"உன் வேலைக்கு வேண்டிகினது தீந்துச்சி. இப்போ கேட்டா நல்லதுதான் சொல்வாரு. நீயே கட்டுப்பா ராஜா."

மோனிகா அண்ணனைப் பார்த்தாள். உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. காலடியில் கொட்டிக் கிடந்த மல்லியை அம்மா இன்னும் கவனிக்கவில்லை. பிரித்த இலையிலிருந்த சிவப்பையும் கவனிக்கவில்லை.

"அம்மா," என்றான். குரல் கரகரத்தது. இந்தத் தடவை உண்மையிலேயே தொண்டை அடைத்தது. "சாமி ஒண்ணும் சொல்லலம்மா. சொன்னது நான்."

ரஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. தரையைப் பார்த்தாள், மகள் கையிலிருந்த இலையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிய அவள் கை தானாகத் தலைக்குப் போனது. ஈரச் சந்தனம்தான் விரலில் ஒட்டியது.